ஒரே படகில் இரண்டு மீன் காட்டும் கருவியா? ஏரியின் ஆழக் கணக்கு தவறாமல் இருக்க வழிகள்

ஏரியில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது? தூர் வாரினால் எவ்வளவு தண்ணீர் கூடுதலாக நிற்கும்? மீன் குத்தகைக்கு எவ்வளவு வரை கேட்கலாம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் அடிப்படை ஒன்றுதான், ஏரியின் ஆழம்.

ஏரி, குளங்களில் வண்டல் மண் எடுக்க முன்பு மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியிருந்தது. 2024-ல் தமிழக அரசு விதியைத் திருத்தி, வட்டாட்சியர் அளவிலேயே கட்டணமின்றி அனுமதி பெறலாம் என்று எளிமையாக்கியது. அதன் பிறகு எங்கே எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பது ஏரிப் பாசனக் கிராமங்களில் முக்கியமான பேச்சாகியிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் இருக்கின்றன. உத்திரமேரூர் ஏரி அவற்றில் பெரியவற்றில் ஒன்று.

இதே காலத்தில், கடல் படகுகளில் மட்டும் பார்த்து வந்த 'ஃபிஷ் ஃபைண்டர்' என்னும் மீன் காட்டும் கருவி கையடக்கமாகி, கைப்பேசியோடு இணையும் அளவுக்குச் சுருங்கி, இணையக் கடைகளில் கிடைக்கிறது. மீன் குத்தகை எடுப்பவர்களும் ஏரியின் ஆழத்தைத் தெரிந்துகொள்ள விரும்பும் இளைஞர்களும் இதை வாங்க நினைப்பது இயல்பு. 'ஒன்று ஆழத்துக்கு, ஒன்று மீனுக்கு' என்று ஒரே படகில் இரண்டு கருவி கட்டும் யோசனையும் அடுத்து வரும்.

அங்கேதான் சிக்கல். முறை தெரியாமல் இரண்டு கருவிகளை ஒரே படகில் ஓட்டினால் ஒன்றின் சத்தம் மற்றொன்றின் காதில் விழும். இல்லாத மீன் திரையில் தெரியும், ஆழம் தாறுமாறாகக் குதிக்கும். அந்த எண்ணை வைத்து மண் கணக்கோ குத்தகைக் கணக்கோ போட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

கருவியோடு வரும் வட்டமான உணரியை டிரான்ஸ்டியூசர் என்பார்கள். தண்ணீருக்குள் இருக்கும் இது நம் காதுக்குக் கேட்காத ஒலித் துடிப்பைக் கீழே அனுப்பும். அந்த ஒலி தரையில் பட்டு எதிரொலியாகத் திரும்பும். போய் வந்த நேரத்தை வைத்துக் கருவி ஆழத்தைக் கணக்கிடும். நம் ஏரித் தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது. 3 மீட்டர் ஆழத்தில் போக 3, வர 3 என மொத்தம் 6 மீட்டர். இதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் 4 பங்கு மட்டுமே.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு அதிர்வெண் உண்டு. வானொலி நிலையத்துக்கு அலைவரிசை இருப்பது போலத்தான். 50, 83, 200, 455, 800 கிலோ ஹெர்ட்ஸ் ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. சிறு கருவிகளில் 200 கிலோ ஹெர்ட்ஸ் மிகவும் பரவலானது. கருவி தன் அதிர்வெண்ணில் வரும் ஒலியைத்தான் கேட்கும். ஆனால் அந்த ஒலியை அனுப்பியது தானா, பக்கத்துக் கருவியா என்று அதற்குத் தெரியாது. ஒரே கிணற்றுக்குள் இரண்டு பேர் ஒரே குரலில் கூவினால், திரும்பி வரும் எதிரொலி யாருடையது என்று எப்படிச் சொல்வது? அதே நிலைதான் இங்கும்.

குறுக்கீட்டை எப்படி அடையாளம் காண்பது?

* திரையில் சீரான இடைவெளியில் புள்ளிகளோ சாய்ந்த கோடுகளோ மழைச்சாரல் போலத் தெரியும். இரண்டு கருவிகளும் துடிப்பு அனுப்பும் வேகம் கொஞ்சம் மாறுபடுவதால் கோடு சாய்வாக விழுகிறது.
* தரைக்கோடு அங்கங்கே அறுபடும். 2.8 மீட்டர் காட்டிய ஆழம் திடீரென 1.1 மீட்டராகி, மறுபடியும் 2.8-க்கு வரும்.
* மீன் படம் காட்டும் வசதியைப் போட்டிருந்தால் திரை முழுவதும் மீனாக இருக்கும்.

திரையில் தெரியும் எல்லாக் குழப்பமும் குறுக்கீடு அல்ல. ஆழம் குறைந்த, அடித்தரை கெட்டியான இடத்தில் எதிரொலி தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு முறை போய் வரும். 2 மீட்டரில் ஒரு தரைக்கோடு, சரியாக 4 மீட்டரில் இன்னொரு கோடு தெரிந்தால் அது இரட்டை எதிரொலி. முதல் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஏரிகள் பலவற்றில் உள்வாயில் கருவேல மரங்கள் நிற்கின்றன. மூழ்கிய கிளையும் அடிக்கட்டையும் மீன் கூட்டம் போலவே தெரியும். கோடையில் சேறு அழுகி வரும் வாயுக் குமிழிகளும் மீனாகத் தெரியும். இவை உண்மையில் அங்கே இருக்கும் பொருள்கள். பக்கத்துக் கருவியை அணைத்தாலும் மறையாது.

ஐந்து நிமிடச் சோதனை

புதிய கருவி வாங்கும் முன்பும், அளக்கத் தொடங்கும் முன்பும் இதைச் செய்யுங்கள்.

1. அலையில்லாத காலை நேரத்தில், 2 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் படகை நிறுத்திக் கட்டுங்கள்.
2. மோட்டாரை அணைத்து விட்டு, முதல் கருவியை மட்டும் ஓட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. இரண்டாவது கருவியைப் போடுங்கள். அந்தக் கணமே முதல் திரையில் புள்ளியும் கோடும் வந்தால் குறுக்கீடு இருக்கிறது.
4. இரண்டாவதை அணையுங்கள். கோடு மறைந்தால் உறுதி.
5. மறையாவிட்டால் வேறு காரணம் தேடுங்கள். பக்கத்தில் இன்னொரு படகில் கருவி ஓடுகிறதா என்று பாருங்கள்.
6. கடைசியாக மோட்டாரைப் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் கோடு வருகிறது என்றால் அது மின் இரைச்சல். இதற்கு வைத்தியம் வேறு.

தீர்வுகள்: செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்

முதல் தீர்வு, ஒன்றை அணைத்து வைப்பது. ஆழம் அளக்கும்போது மீன் பார்க்கும் கருவி தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் குறுக்கீடே கிடையாது. ஏரி வேலைக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

இரண்டாவது, அதிர்வெண்ணைப் பிரிப்பது. ஒன்று 200-ல் ஓடினால் மற்றதை 83-லோ 455-லோ வையுங்கள். 'சிர்ப்' வகைக் கருவிகளில் கவனம் தேவை. அவை ஒரே அதிர்வெண்ணில் நில்லாமல் ஒரு வரம்பு முழுவதும் ஏறி இறங்கும். 150 முதல் 240 வரை ஓடும் சிர்ப் கருவியும் 200-ல் ஓடும் சாதாரணக் கருவியும் மோதத்தான் செய்யும். வாங்கும்போது வரம்பு எதுவரை என்று கேளுங்கள்.

மூன்றாவது, அமைப்புகளைச் சரிசெய்வது. கருவியின் பட்டியலில் குறுக்கீடு நீக்கும் வசதி இருக்கும், அதைப் போடுங்கள். உணர்திறனைத் தானியங்கியில் விடாமல் கையால் குறையுங்கள். துடிப்பு வேகத்தையும் ஒலித் திறனையும் மாற்ற முடிந்தால் அவற்றையும் குறையுங்கள். ஏரியின் ஆழத்துக்கு அதிகத் திறன் தேவையே இல்லை. குறுக்கீடு நீக்கத்தை மிக அதிகமாக வைத்தால் உண்மையான சிறு எதிரொலியும் அழிந்துவிடும். கோடு மறையும் அளவுக்கு மட்டும் வையுங்கள்.

நான்காவது, உணரிகளைத் தள்ளிப் பொருத்துவது. ஒன்று படகின் பின்புறம், மற்றது முன்புறம் என்று முடிந்த அளவு தூரத்தில் வையுங்கள். இரண்டும் நேர் கீழே பார்க்கட்டும். சிறிய ஃபைபர் படகில் தூரம் மட்டும் முழுத் தீர்வாகாது. மேலே சொன்னவற்றோடு சேர்த்துச் செய்யுங்கள்.

ஐந்தாவது, ஒரே உணரி, இரண்டு திரை. கார்மின், லோரன்ஸ், ஹம்மின்பேர்ட் போன்ற நிறுவனங்களின் சில மாதிரிகளில் ஒரு கருவியின் படத்தை இன்னொரு திரையிலும் பார்க்கும் இணைப்பு உண்டு. தண்ணீருக்குள் ஒலி ஒன்றே என்பதால் மோதல் இல்லை. படகில் இரண்டு இடத்தில் திரை வேண்டும் என்பதுதான் தேவை என்றால், இரண்டாவது உணரிக்குப் பணம் போடாதீர்கள்.

மோட்டார் இரைச்சலுக்கு: கருவிக்குத் தனியாகச் சிறிய 12 வோல்ட் பேட்டரி வையுங்கள். உணரியின் கம்பியை மோட்டார் கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மிச்சமுள்ள கம்பியை இறுக்கமாகச் சுருட்டி மோட்டார் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கடலில் சரி, ஏரியில் ஏன் கூடுதல் கவனம்?

மீன் காட்டும் கருவி பிறந்தது கடலுக்காக. ஜப்பானின் பூருனோ நிறுவனம் 1948-ல் இதை மீனவர்களுக்கு ஏற்ற வடிவில் கொண்டுவந்தது. கோவளம், சதுரங்கப்பட்டினம் போன்ற கடற்கரைகளில் படகுகள் ஒரே மீன் கூட்டத்தைச் சுற்றி நெருங்கி நிற்கும்போதும் ஒரே அதிர்வெண் கருவிகள் மோதிக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஆழம் அதிகம். தரை ஒரு மீட்டர் முன்பின் தெரிந்தாலும் வலை வீசுவதற்குப் பெரிய பாதகமில்லை.

ஏரி அப்படியல்ல. ஆழம் குறைவாக இருந்தால் எதிரொலி உடனே திரும்பும். கருவி அடுத்த துடிப்பை உடனே அனுப்பும். துடிப்புகள் அடிக்கடி போவதால் இரண்டு கருவிகள் மோதும் வாய்ப்பும் கூடுகிறது. ஒலி தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே பல முறை அடித்து எழும்புவதால் மிச்சச் சத்தமும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கருவி பார்க்கும் பரப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒலி கூம்பு வடிவில் விரிகிறது. 20 பாகைக் கூம்பாக இருந்தால் 3 மீட்டர் ஆழத்தில் சுமார் ஒரு மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். 45 பாகையாக இருந்தால் இரண்டரை மீட்டர் அகலம். அகலக் கூம்பு பள்ளத்தின் விளிம்பையும் சேர்த்துக் காட்டும். ஆழம் அளக்க ஒடுங்கிய கூம்பே நல்லது. அரை மீட்டருக்கும் குறைவான தண்ணீரில் எந்தச் சிறு கருவியையும் நம்பாதீர்கள். அங்கே மூங்கில் கழியே சிறந்தது.

கருவியில் நன்னீர், கடல்நீர் என்ற தேர்வு இருந்தால் நன்னீரில் வையுங்கள். கடல்நீரில் ஒலி வேகமாகப் போகும் என்பதால், தவறான தேர்வில் ஆழம் சுமார் 2 சதவீதம் கூடுதலாகத் தெரியும். 3 மீட்டருக்கு அது 6 சென்டிமீட்டர்.

10 சென்டிமீட்டர் பிழையின் விலை

'பத்து சென்டிமீட்டர் தானே' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதில் 10 சென்டிமீட்டர் தவறினால் சுமார் 405 கன மீட்டர் மண் கணக்கில் கூடும் அல்லது குறையும். வண்டல் மண் திட்டத்தில் நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். 75 கன மீட்டரை 25 டிராக்டர் லோடு என்று கொள்கிறார்கள். அதன்படி பார்த்தால், ஏரியின் ஒரு ஏக்கரில் ஏற்படும் 10 சென்டிமீட்டர் பிழை 135 டிராக்டர் லோடு. ஐந்து ஏக்கர் நஞ்சைக்குக் கிடைக்க வேண்டிய மண்ணை விடவும் அதிகம்.

இதையே 100 ஏக்கர் நீர்ப்பரப்புக்குப் பாருங்கள். சுமார் 40,000 கன மீட்டர், அதாவது 14 லட்சம் கன அடி. 'இவ்வளவு தூர் எடுத்தோம்' என்று ஒருவர் சொல்லும் கணக்கும், 'எடுக்கவே இல்லை' என்று இன்னொருவர் சொல்லும் கணக்கும் இந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடலாம்.

இரண்டு அதிர்வெண்ணில் வண்டல் கனம் தெரியுமா?

தெரியும், ஆனால் ஓரளவுக்குத்தான். 200 கிலோ ஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் ஒலி இளகிய சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். 33 கிலோ ஹெர்ட்ஸ் போன்ற தாழ் அதிர்வெண் சேற்றுக்குள் கொஞ்சம் இறங்கிக் கெட்டித் தரையில் திரும்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இளகிய சேற்றின் கனம். துறைமுகங்களிலும் அணைகளிலும் அளவை செய்பவர்கள் இதற்கென்றே இரு அதிர்வெண் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டு ஒலியையும் ஒரே கருவி முறைப்படுத்தி அனுப்புவதால் குறுக்கீடு இல்லை.

கடையில் வாங்கிய இரண்டு வேறு கருவிகளைக் கட்டி அதே வேலையைச் செய்யப் பார்த்தால் நம்பகம் இருக்காது. ஒன்று அனுப்புவது மற்றதற்குத் தெரியாது. அவற்றின் கூம்பு அகலமும் வேறு. காய்ந்து இறுகி மறுபடி நனைந்த களிமண்ணில் தாழ் அதிர்வெண்ணும் மேலேயே திரும்பிவிடும். வண்டல் கனத்துக்குக் கழியைக் குத்திப் பார்ப்பதும், மாதிரி மண் எடுத்துப் பார்ப்பதுமே கடைசிச் சாட்சி.

ஏரி முழுதாக வற்றியிருந்தால் படகும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நில அளவையருக்குத் தெரிந்த லெவல் கருவியே துல்லியமானது. ஒலிக் கருவி உதவுவது தண்ணீர் நிற்கும் காலத்திலும், கோடையிலும் வற்றாத மதகடிப் பள்ளத்திலும்தான்.

மீன் குத்தகை எடுப்பவர்களுக்கு

திரையில் தெரியும் மீன் படத்தை எண்ணிக் குத்தகைத் தொகை முடிவு செய்யாதீர்கள். குறுக்கீடே இல்லாவிட்டாலும் கருவி கட்லாவா, ரோகுவா, மிர்காலா, ஜிலேபியா என்று சொல்லாது. கட்லா மேல்மட்டத்தில் திரிவது. படகு வரும் சத்தத்தில் விலகிப் போகும். மிர்கால் தரையை ஒட்டி மேய்வதால் தரைக்கோட்டோடு கலந்துவிடும். இருக்கும் மீன் தெரியாமலும் இல்லாத மீன் தெரிந்தும் போகலாம். மீன் படம் காட்டும் வசதியை அணைத்து, வெறும் எதிரொலிப் படத்தைப் பாருங்கள். கோடையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும், எத்தனை மாதம் நிற்கும், எவ்வளவு குஞ்சு விட்டார்கள் என்பவையே குத்தகைக்கு நம்பகமான கணக்கு. கருவி உங்களுக்கு ஆழத்தைச் சொன்னால் போதும்.

அளக்கும் முறை

* நீர்வளத் துறைக்கும் குத்தகைதாரருக்கும் சொல்லிவிட்டுப் படகை இறக்குங்கள். உயிர்காப்பு மிதவை இல்லாமல் ஏறாதீர்கள்.
* அன்றைய நீர்மட்டம் கலங்கல் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று முதலில் குறியுங்கள். இது இல்லாமல் இந்த ஆண்டு ஆழத்தை அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியாது.
* உணரி நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அதை ஆழத்தோடு கூட்டுங்கள்.
* கரைக்குக் குறுக்காகச் சம இடைவெளியில் கோடு போட்டாற்போல மெதுவாகப் போங்கள்.
* ஒவ்வொரு கோட்டிலும் மூன்று இடத்தில் படகை நிறுத்தி, அளவு குறித்த மூங்கில் கழியால் அளந்து கருவியோடு ஒப்பிடுங்கள். கழி சேற்றில் புதையாமல் இருக்க அடியில் தட்டையான பலகைத் துண்டு கட்டுங்கள்.
* வித்தியாசம் 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் நிறுத்திவிட்டு, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. உங்கள் ஏரியின் ஆழ அளவு அங்கே வரும்போது நான்கு கேள்வி கேளுங்கள். அளந்த அன்று நீர்மட்டம் என்ன? எந்தக் கருவி, எந்த அதிர்வெண்? படகில் வேறு கருவி ஓடியதா? கழியால் சரிபார்த்த அளவுகள் எங்கே? பதில் இல்லாத எண்ணுக்கு ஒப்புதல் தரத் தேவையில்லை.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகளில், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்படும் குழுக்களில் ஏரி வாரியமும் ஒன்று. கணக்கு வழக்கை ஒழுங்காகக் காட்டாதவரையும் அவரது உறவினரையும் தேர்வில் சேர்க்கக் கூடாது என்பதும் அதே கல்வெட்டில் இருக்கிறது. ஏரியைக் கவனிப்பதும் கணக்குக் கேட்பதும் இந்த ஊரில் ஒன்றாகவே வளர்ந்தவை.

சுருக்கமாகச் சொன்னால்: ஒரு கருவி போதுமானால் ஒன்றோடு நிறுத்துங்கள். இரண்டு வேண்டுமானால் அதிர்வெண்ணைப் பிரியுங்கள், தள்ளிப் பொருத்துங்கள், திறனைக் குறையுங்கள். எத்தனை கருவி இருந்தாலும் படகில் ஒரு மூங்கில் கழி இருக்கட்டும். கருவி வாங்கும் முன் ஆலோசனை தேவைப்பட்டால், மீன்வளத் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தையோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் ஏரியிலேயே ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.